பத்துக் கருப்புக்கு ஒரு கருப்பட்டி

இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே ஒற்றை முடியை இழுத்துப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் அதை வெயிலுக்கு எதிரே பார்த்துக்கொண்டிருக்கிறார் ஆவுடையப்பன். எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளை மல் துண்டு தொங்குகிறது. முடியை முதலில் வெயிலில் பார்ப்பார், பிறகு துண்டின்மேல் வைத்துப் பார்ப்பார், பிறகு மறுபடியும் வெயில். அந்த நேரத்தில் திவானே வாசலில் வந்து நின்றாலும் பதில் வராது. காலை பத்து மணி வெயிலில்தான் முடி உண்மை பேசும் என்பது அவர் கட்சி. "காலங்காத்தால மஞ்சளாக் காட்டும். உச்சியில எல்லாத்தையும் வெளுப்பாக் காட்டும். பத்து மணிதான் நாயமான மணி" என்பார்.

புதுக்கோட்டை கீழ மூன்றாம் வீதியில் சவுரி ஆவுடையப்பன் என்றால் தெரியாதவர் இல்லை. வயது ஐம்பத்துமூன்று. குட்டையான உருவம், நெற்றி நிறையத் திருநீறு. அந்த நெற்றி எங்கே முடிந்து தலை எங்கே தொடங்குகிறது என்று சொல்வதுதான் கஷ்டம். மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முடி கொடுக்கிறவர் தன் தலைக்கு ஒன்று வைத்துக்கொள்ளக் கூடாதா என்று யாராவது கேலி செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். "பாத்திரக் கடைக்காரரு தலையில குடத்தக் கவுத்துக்கிட்டா ஒக்காந்திருக்காரு?" என்று திருப்பிக் கேட்பார்.

சவுரியைப் பற்றி வாசகிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசகர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். சீப்பில் கழிந்த முடியைச் சேர்த்து, கழுவி, சிக்கெடுத்து, நூலில் கட்டி முடைந்த பொய்ப் பின்னல் அது. சொந்த முடியோடு சேர்த்துப் பின்னிக்கொண்டால் ஒரு முழ ஜடை இடுப்பைத் தாண்டும். கழிந்த முடியில் வேர் எது, நுனி எது என்று கண்ணால் தெரியாது. வேரும் நுனியும் தாறுமாறாகக் கலந்தால் சவுரி ஒரே மாதத்தில் சடைபிடித்துப் போகும். ஆவுடையப்பன் முடியை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து மெள்ள உருட்டுவார். உருட்ட உருட்ட அது ஒரு பக்கமாக ஊர்ந்து போகும். ஊர்கிற பக்கம் வேர். ஒரு நாளைக்கு ஆயிரம் முடிகளை இப்படி உருட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். சாப்பிடும்போதும் விரல் தானாக உருட்டிக்கொண்டே இருக்கும்.

கடைவீதியில் தொங்குகிற சவுரிகள் எல்லாம் ஒரே மைக்கருப்பு. வீட்டுக்குள் பார்த்தால் குற்றம் தெரியாது. வாசலுக்கு வந்தால் போச்சு. சொந்த முடி ஒரு நிறம், கட்டின முடி ஒரு நிறம் என்று வெயில் காட்டிக்கொடுத்துவிடும். ஆவுடையப்பன் முடைந்த சவுரியை மட்டும் வெயிலும் கண்டுபிடித்ததில்லை. காரணம் கேட்டால் மறைக்காமல் சொல்வார்.

"கருப்பு முடின்னு ஒலகத்துல ஒண்ணு கெடையாதுங்க. வெயில்ல பிடிச்சுப் பாருங்க. ஒண்ணு கருப்பட்டி, ஒண்ணு புளியங்கொட்டை, ஒண்ணு நாவப்பழம். எல்லாஞ் சேந்து நின்னு கருப்புன்னு பேரு வாங்கிக்கிருது. பத்துக் கருப்புக்கு ஒரு கருப்பட்டி விடணும். அப்பத்தான் அது தலை. இல்லாட்டி கயிறு."

அந்தக் கருப்பட்டி நிறத்தை வரவழைப்பதில்தான் அவருடைய வித்தை இருக்கிறது. கருப்பு முடியில் பழுப்பு ஏற்ற முடியாது. சாயம் அதன்மேல் உட்காராது. நரைமுடிதான் கேட்ட நிறத்தை வாங்கிக்கொள்ளும். மருதாணி விழுதில் ஒரு பகல் ஊறினால் நரை செங்கல் நிறத்துக்கு வரும். அதை அவுரித் தண்ணீரில் முக்கினால் சிவப்பு அடங்கிப் பழுப்பு நிற்கும். எவ்வளவு நேரம் முக்குவது என்பதற்கு அவரிடம் கடிகாரம் கிடையாது, வெற்றிலைதான் கணக்கு. பாதி வெற்றிலை மெல்லும் நேரத்துக்குத் தேன் நிறம், ஒரு வெற்றிலைக்குக் கருப்பட்டி, இரண்டு வெற்றிலைக்குப் புளியங்கொட்டை, மூன்றுக்கு நாவல். சாயம் போடுகிற நாளில் வாய் சிவந்து, பேச்சில்லாமல், கையால் ஜாடை காட்டிக்கொண்டே வீட்டுக்குள் நடப்பார்.

நரைமுடிக்கு அவர் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அவர் மனைவி மீனம்மாளுக்கு இருபத்தெட்டு வயதிலேயே நரைக்கத் தொடங்கிவிட்டது. கோயிலுக்குப் போக வெட்கப்பட்டுக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அந்த நாளில் ஆவுடையப்பனும் மற்றவர்களைப் போல மைக்கருப்புச் சவுரிதான் முடைந்துகொண்டிருந்தார். மனைவிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல், அவள் சீப்பிலிருந்த வெள்ளை முடியை எடுத்து அவள் அரைத்து வைத்திருந்த மருதாணிக் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தார். தொழில் அன்றைக்குத் திசை மாறியது. இருபது வருஷமாகப் புதுக்கோட்டைச் சீமையில் மணவறை ஏறிய எத்தனையோ பெண்களின் ஜடையில் மீனம்மாளின் முடி மினுங்கியிருக்கிறது. அது யாருக்கும் தெரியாது. இது யார் முடி என்று சவுரி வாங்குகிறவர்கள் கேட்பதில்லை. என்ன பதில் வருமோ என்று பயம். "எந்தலையில இருந்தாக் கெழவிங்குறாக. அடுத்தவ தலைக்குப் போனா அழகுங்குறாக" என்பாள் மீனம்மாள், தினமும் காலையில் சீப்பைத் தட்டி முடியைத் தகர டப்பாவில் போடும்போது.

பெண்கள் அவரிடம் நேரில் வருவது வழக்கமில்லை. ஒற்றை முடியைக் காகிதத்தில் மடித்து அனுப்புவார்கள். பாதிக் காகிதங்கள் பூக்காரி பொன்னுத்தாயின் கூடையில், கதம்பத்துக்கு அடியில் வந்து சேரும். அந்த ஒரு முடியை வைத்துக்கொண்டு முழுத் தலைக்கும் நிறம் கட்டிவிடுவார். வேலை முடிந்ததும் சவுரியோடு அந்த ஒற்றை முடியும் அதே காகிதத்தில் மடித்தபடி திரும்பிப் போய்விடும். ஒருவர் தலைமுடி கண்டவர் கையில் சிக்கினால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்ற பயம் இந்தப் பக்கத்தில் உண்டு. முடியைத் திருப்பிக் கொடுக்கிற நாணயம் இருப்பதால்தான் அவரிடம் அனுப்புகிறார்கள். முப்பது வருஷத்தில் ஒரு முடி தவறியதில்லை.

இதனால் ஒரு வேடிக்கை. ஊரிலுள்ள பெண்கள் பாதிப் பேரை அவருக்கு முடியாகத்தான் தெரியும். "ரெண்டாம் வீதி நாவப்பழத்துக்குப் பேரன் பொறந்திருக்காம்" என்று மீனம்மாளிடம் சேதி சொல்வார். தெருவில் பெண்கள் எதிரே வந்தால் தரையைப் பார்த்து நடப்பார். முகத்தை ஏறிட்டுப் பார்க்காத உத்தமர் என்று அவருக்குப் பெயர். மீனம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "எதுக்க வாரப்ப உத்தமருதான். தாண்டிப் போகட்டும், கண்ணு ரெண்டும் ஜடையிலதான் தொங்கும்" என்பாள். உண்மைதான். ஆனால் தலையை அவிழ்த்துப் போட்ட கூந்தலாக அவர் பார்த்ததில்லை. ஒற்றை முடி, இல்லாவிட்டால் பின்னி முடித்த ஜடை. நடுவில் உள்ளது அவருக்குத் தெரியாத ஊர்.

போன ஆவணியில் அந்த ஊருக்கும் ஒருநாள் போக வேண்டி வந்தது.

ஆலங்குடியிலிருந்து அழகம்மாள் என்கிற சம்சாரி வீட்டு அம்மாள் கரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் அடுப்புக் கட்டிக்கொண்டு ஓடுகிற காலம். முந்தானையெல்லாம் கரித்தூள். பதினெட்டு வயது மகள் பிரகதாம்பாளுக்குக் கல்யாணம் என்றும், இரண்டு வருஷத்துக்கு முன்னால் விஷ ஜுரம் வந்து முடி கொட்டிப்போனது என்றும், மறுபடி வளர்ந்தது தோளுக்குக் கீழே இறங்க மாட்டேனென்கிறது என்றும் சொல்லி, ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆவுடையப்பன் முடியை எடுத்து உருட்டினார். கனமான முடி, கொஞ்சம் முரடு. பதினெட்டு வயதுப் பெண்ணின் முடி இப்படி இருக்காதே என்று விரல் சொல்லியது. அவர் கேட்கவில்லை. முடி வந்தால் வேலை, கேள்வி கிடையாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். இரண்டு வெற்றிலை மென்று புளியங்கொட்டை நிறம் கட்டி, முடைந்து, திங்கட்கிழமை கொடுத்தனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் சவுரி திரும்பி வந்தது. கூடவே அழகம்மாளும், தலையில் முக்காடு போட்ட மகளும்.

"ஒட்டலங்கய்யா" என்றாள் அழகம்மாள். "வீட்டுக்குள்ள வச்சுப் பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு. களத்து மேட்டுல நிறுத்திப் பாத்தா, பாதி சடை எம்மக, பாதி சடை வேற யாரோ."

அவருக்கு முகம் செத்துவிட்டது. முடைந்த சவுரி திரும்பி வருவது இதுதான் முதல் தடவை. சவுரியை வாங்கினார். அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பிரித்து அந்த ஒற்றை முடியைச் சவுரியின்மேல் வைத்து, வெயிலுக்குத் திருப்பி, அவளிடம் நீட்டினார். முடி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அப்படிப் பொருந்தியிருந்தது.

"நீங்க கொடுத்த முடிக்கு நான் செஞ்சது தப்பில்ல தாயி."

அழகம்மாள் வாசல் வேப்ப மரத்தைப் பார்த்தாள். பதில் சொன்னது மகள்தான். "அது எங்க அத்தை முடிங்கய்யா."

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பிரகதாம்பாளை முறைமாப்பிள்ளை வீட்டில் கேட்டிருக்கிறார்கள், ஜாதகம் பொருந்தவில்லை என்று கொடுக்கவில்லை. அவர்கள் இருப்பது அடுத்த தெரு, கோபத்தில் இருக்கிறார்கள். இந்தச் சமயத்தில் கல்யாணப் பெண்ணின் முடியை வீட்டைத் தாண்டி அனுப்ப அழகம்மாளுக்குத் துணிவில்லை. அதனால் நாத்தனார் மருதாயியின் சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்து மடித்துக் கொண்டுவந்துவிட்டாள். மருதாயிக்கு இது தெரியாது.

"அப்ப அந்தம்மாவுக்கு எவனாச்சும் செய்வினை வச்சாப் பரவாயில்லையா?" என்று கேட்டாள் மீனம்மாள்.

"நாத்தனார்தானே" என்றாள் அழகம்மாள், ரொம்ப சாதாரணமாக.

வேறொரு நாளாக இருந்தால் ஆவுடையப்பன் சிரித்திருப்பார். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. விரல் சொன்னதைக் கேட்டு ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் ஒரு வாரம் வீணாகியிருக்காது என்று அவருக்குத் தெரியும். கல்யாணம் வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை வீடு குடுமியான்மலை. அந்த வீட்டு வழக்கப்படி முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் ஜடையில் பூத் தைப்பது மாப்பிள்ளையின் அக்காள். அவள் பெயர் சொர்ணவல்லி, கண்ணும் நாக்கும் ஒன்றுக்கொன்று இளைத்ததல்ல.

"அஞ்சு வருசத்துக்கு முந்தி அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு அக்காவுக்கு, கும்புடக் குனியறப்ப சவுரி கழண்டு விழுந்துருச்சாம்" என்றாள் பிரகதாம்பாள். "அன்னைக்கு அந்தச் சொர்ணவல்லியம்மா சவுரிக்காரின்னு ஒரு பேரு வச்சாக. இன்னிக்கும் அந்த அக்கா பேரு யாருக்கும் தெரியாதுங்கய்யா. பெத்த புள்ளையக்கூடச் சவுரிக்காரி மவன்னுதான் சொல்றாக. எனக்கு எம்பேரே இருந்தாப் போதும்."

"சவுரி வைக்காமப் போனா?" என்று கேட்டாள் மீனம்மாள்.

"காச்சக்காரின்னு வைப்பாக" என்றாள் அவள்.

அழகம்மாள் அழ ஆரம்பித்தாள். அழுகை என்றால் அவருக்குக் கை கால் ஓடாது. அதனால் பேச்சை மாற்றினார். "குடுமியான்மலைக்கா பயப்படுறீங்க? பூசாரி கொடுத்த மாலையில முடி கெடந்து, ராசா கோவிச்சப்ப, அது எம் முடிதான்னு சாமியே தலையில குடுமி வச்சுக்கிட்டு நின்ன ஊருல்ல அது. பூசாரிக்காகச் சாமியே சவுரி வச்சுக்கிட்டாரு" என்றார். அழகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு இந்தப் புள்ள முடி வேணும். ஒத்த முடி பத்தாது. ஜொரத்துக்கப்புறம் மொளச்ச முடி ஒரே நெறமா இருக்காது. தலையப் பாக்கணும்" என்றார் ஆவுடையப்பன்.

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று மீனம்மாளே எதிர்பார்க்கவில்லை. அந்நிய ஆண்பிள்ளை முன்னால் கல்யாணப் பெண் தலையை அவிழ்ப்பதாவது. அழகம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். பிரகதாம்பாள் எழுந்திருக்கவில்லை. முக்காட்டை எடுத்துவிட்டு, முற்றத்து வெயிலில், சுவருக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். மீனம்மாள் பின்னால் உட்கார்ந்து அவிழ்த்துச் சீவினாள். மணி பத்து.

ஆவுடையப்பன் ஆறடி தள்ளி நின்று பார்த்தார். ஒரு கண்ணை மூட மறந்து இரண்டு கண்ணாலும் பார்த்தார். ஊர் பழிக்கிற செம்பட்டைதான் அது. ஆனால் வேரில் நாவல், தோளருகே புளியங்கொட்டை, காதோரம் கருப்பட்டி, நுனியில் சுத்தமான தேன். மீனம்மாள் சீப்பை இழுக்கும்போதெல்லாம் கருப்புக்குள்ளிருந்து பழுப்பு எழுந்து வந்து மறுபடி கருப்புக்குள் போய்விடுகிறது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியவில்லை. இருபது வருஷமாக வெற்றிலை மென்று மென்று அவர் வரவழைத்த நிறங்கள் எல்லாம், யாரும் சாயம் போடாமல், ஒரு பெண்ணின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. அவருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"நான் ஒரு முடிக்கு ஒரு நெறம்னு நெனச்சேன். ஒரே முடியில நாலு நெறம் எறங்குது பாரு" என்றார் மனைவியிடம், யாரோ ஏமாற்றிவிட்டது போல.

"தெனம் எந்தலையிலயும்தான் எறங்குது. நீங்க டப்பாவத்தானே பாப்பீக" என்றாள் மீனம்மாள்.

சீவி முடித்ததும் கீழே விழுந்த முடிகளை அழகம்மாள் ஒன்று விடாமல் பொறுக்கிச் சேலை நுனியில் முடிந்துகொண்டாள். வேலைக்கு மாதிரி வேண்டுமே என்று இவர் கேட்க, அவள் முடிச்சை இறுக்கினாள். பிரகதாம்பாள் திரும்பிப் பார்க்காமலே நெற்றியில் ஒன்று, உச்சியில் ஒன்று, பிடரியில் ஒன்று என்று மூன்று முடிகளைப் பிடுங்கி மீனம்மாள் கையில் கொடுத்தாள். "இத வச்சுச் செய்ங்க. செய்வினை வந்தா எனக்குத்தானே வரும்" என்றாள்.

அழகம்மாள் கடைசியாக ஒரு நிபந்தனை போட்டாள். "தாலி ஏர்றதுக்குள்ள அந்த மூணு முடியும் எங்கைக்கு வந்துரணும்."

"நானே கொண்டாந்து தாரேன்" என்றார் ஆவுடையப்பன். சவுரி கொடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதில்லை என்று அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. அதுவும் அன்றோடு போயிற்று.

செவ்வாய் மீதிப் பகல் முழுக்க நரைமுடி மருதாணியில் ஊறியது. தகர டப்பாவில் ஒரு வருஷத்து நரை இருந்தது, அத்தனையும் கிண்ணத்துக்குப் போயிற்று. புதன்கிழமை அவுரி. இந்தத் தடவை முடியை மொத்தமாக முக்கவில்லை. வேர்ப்பக்கத்தை மூன்று வெற்றிலைக்கும், நடுவை இரண்டுக்கும், நுனியைப் பாதி வெற்றிலைக்கும் என்று கட்டுக் கட்டாகப் பிடித்து, கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்து, கை நடுங்காமல் இறக்கி ஏற்றினார். வாய் வெந்துபோய் இரண்டு நாள் மோர்ச் சோறுதான். வியாழன் முழுக்க முடைந்தார். அந்த மூன்று முடிகளும் வெள்ளைத் துண்டில் குத்தியபடி எதிரிலேயே இருந்தன. மீனம்மாள் துண்டுப் பக்கம் காற்றுப் படாமல் கதவை ஒருக்களித்தே வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் புறப்பட்டார்கள். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிக் கரியைக் கொட்டி விசிறிக்கொண்டிருந்தபோது, மேல் துண்டில் சுற்றிய சவுரியை மடியில் வைத்துக்கொண்டு ஆவுடையப்பன் இல்லாத முடியைக் கோதிக்கொண்டிருந்தார். ஆலங்குடியில் இறங்கும்போது மணி எட்டு. மீனம்மாள் துண்டுச் சுற்றோடு பின்வாசல் வழியாக உள்ளே போனாள். சவுரியைச் சேர்த்துப் பின்னி, குஞ்சலம் கட்டி முடித்தபோது, வாசலில் மாப்பிள்ளை வீட்டு மேளம் கேட்டது.

ஜடையில் பூத் தைப்பது கொல்லையில், தென்னங்கீற்றுத் தட்டிக்கு அந்தப் பக்கம். ஆவுடையப்பன் தட்டிக்கு இந்தப் பக்கம், பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பார்க்க முடியாது, காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொல்லையில் நல்ல வெயில் விழுகிறது என்பது தட்டியின் ஓட்டைகளில் தெரிந்தது. பெண்களின் பேச்சுக்கு நடுவே கனமான குரல் ஒன்று கேட்டது. அதுதான் சொர்ணவல்லியாக இருக்க வேண்டும்.

"சடையக் குடு" என்றது குரல். ஊசி கோக்கிற நேரம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. மற்றப் பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆவுடையப்பனின் விரல் காற்றில் முடி உருட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பொண்ணு வளத்தீக அழகம்மா" என்றது குரல் கடைசியில். "முடி இம்புட்டு இருந்து என்ன? எண்ண காட்டாம வெயில்ல செவந்து கெடக்கு. எங்க வீட்டுக்கு வரட்டும், வாரத்துக்கு ரெண்டு தடவ ஊத்தித் தேக்கிறேன். யாருடி அது, அந்த மல்லியக் கொண்டா."

பேச்சு மறுபடி கிளம்பியது. யாரோ சிரித்தார்கள். ஆவுடையப்பன் சட்டைப் பையைத் தொட்டுக் காகிதம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். வேலை பலித்துவிட்டது என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கண் கலங்கியது. பந்தலில் ஹோமப் புகை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டார். ஹோமம் இன்னும் மூட்டவில்லை.

பெண்ணை மணவறைக்கு அழைத்து வந்தபோது அழகம்மாள் விலகி அவர் பக்கம் வந்தாள். அவர் காகிதத்தை நீட்டினார். பிரித்து, மூன்று முடி என்று எண்ணி, இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். கெட்டிமேளம் முழங்கியது. பிரகதாம்பாள் குனிந்தாள், நிமிர்ந்தாள், மூன்று தடவை சுற்றி வந்தாள். இடுப்புக்குக் கீழே ஜடை ஆடியது. பந்தல் கீற்றுகளின் இடைவெளியில் விழுந்த வெயில் அதன்மேல் ஏறி இறங்கியபோது, எது அவள் முடி, எது தன் மனைவியின் முடி என்று அவருக்கே தெரியவில்லை.

தாலி கட்டி முடிந்து தாம்பூலத் தட்டு வந்தது. பெண்கள் வரிசையில் மீனம்மாளுக்குக் கொடுத்துவிட்டு, தட்டோடு இந்தப் பக்கமும் வந்தவள் சொர்ணவல்லி. குரலைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். தலையைக் குனிந்தபடி கையை நீட்டினார்.

"நீங்கதானே கீழ மூணாம் வீதி?" என்று கேட்டாள். இப்போது அந்தக் குரல் தணிந்திருந்தது. "கையில பிடிச்சவொடனே முடிச்சுத் தட்டுப்பட்டுச்சு. வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்தேன், கண்ணுக்கு ஆப்புடல. ஒங்க வீட்டம்மா மூச்சே விடாம நிக்கிறாக. அந்தப் புள்ளைக்குக் கழுத்தெல்லாம் நடுங்குது."

அவர் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"எண்ண பத்தலன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? முன்ன ஒருத்திக்கு வாய்க்கு வந்தபடி ஒரு பேரு வச்சிட்டேன். இப்ப நானே வாயத் தச்சுக்கிட்டாலும் ஊரு விட மாட்டேங்குது." தட்டைக் கைமாற்றினாள். "எனக்கும் போன ஐப்பசியில காச்சங்கய்யா. சடைக்குள்ள கொச்சக் கயிறு வச்சுத்தான் பின்னிக்கிட்டுத் திரியிறேன்."

வெற்றிலை ஒன்றை இரண்டாக மடித்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குத் தட்டை நீட்டப் போய்விட்டாள்.

ஆவுடையப்பன் எழுந்து பந்தலுக்கு வெளியே வந்தார். வெற்றிலையைப் பிரித்தார். பாக்கு இல்லை, சுண்ணாம்பு இல்லை, நீளமாக ஒரே ஒரு முடி. அதை இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே இழுத்துப் பிடித்து, வெயிலுக்கு எதிரே தூக்கி, இடது கண்ணை மூடிக்கொண்டார்.